பன்னிரண்டு வீட்டு ரசம்

கரூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பி பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு அடுப்புகள், பன்னிரண்டு அடுப்பிலும் அவரவர் குழம்பு அவரவர் ருசியில் கொதித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலம் காலாண்டு விடுமுறையின் முதல் வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு என் அம்மா குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்ததோடு முடிந்தது.

அம்மா வைத்தது கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காயை நறுக்கிக் கொடுத்ததே நான்தான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சட்டிக்குள் இருந்தது தண்ணீராய் ஓடுகிற ஒரு பருப்பு. அதன் நடுவில் வேகாத தக்காளி ஒன்று பாதியாய் மிதந்தது, பக்கத்துக் குக்கரில் சோறு கஞ்சியும் இல்லாமல் களியும் இல்லாமல் நடுவில் நின்றது. அம்மா மூடியை மூடி, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்று, மறுபடியும் திறந்தாள். பருப்புதான். "எனக்கு மறதி வந்திருச்சு போல அம்மிணி" என்று சொல்லி அதையே பரிமாறினாள், அப்பா அதையே முழுசாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மற்ற வீடுகளிலும் அன்று அதேதான் நடந்தது, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரியும் பிழை தன் கையில்தான் என்று நினைத்துக்கொண்டதால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நம்பர் தெய்வானை அக்கா குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கி வந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, மேல்மாடியில் மும்தாஜ் அக்கா தம் போட்டு இறக்கிய பிரியாணி, மூடியைத் திறந்ததும் கட்டி கட்டியாய் ரவை உப்புமாவாக இருந்தது. மும்தாஜ் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார், ஏனென்றால் பிரியாணி உப்புமாவானதை மறதி என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"தெய்வானக்கா, உங்க வீட்ல இன்னிக்கு என்ன?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. உப்புமா."

"கட்டி கட்டியா?"

"செங்கல்லாட்டம்."

"கடுகு கருகியா?"

தெய்வானை அக்கா குடத்தைக் கீழே வைத்தார். குழாயடியில் நின்ற மற்ற குடங்களும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

சனிக்கிழமை எல்லார் சட்டியிலும் மறுபடி அந்தத் தண்ணீர்ப் பருப்பு. வாய் பொறுக்காத தெய்வானை அக்கா தன் சட்டியில் இரண்டு கரண்டி மிளகாய்த் தூளைக் கொட்டிக் கலக்கினார், அடுத்த நிமிடம் பன்னிரண்டு வீட்டிலும் இருமல் கிளம்பியது, எட்டாம் நம்பர் வீட்டிலிருந்து எட்டு வயது ஓவியா நாக்கை நீட்டிக்கொண்டு அழுதபடி வராந்தாவுக்கு ஓடி வந்தாள். தெய்வானை அக்கா சர்க்கரை டப்பாவோடு ஓடினார். கீழ்வீட்டுத் தங்கமுத்து ஐயா, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பிளாக் சங்கத்துக்குத் தலைவர், படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டம் போட்டார்: "இனி எவரும் சட்டிக்குள்ள ஒண்ணும் போடக் கூடாது. வேணுங்கறது தட்டுல போட்டுக்கங்க. எங்கயோ ஒரு கனெக்ஷன் இருக்குது, நான் கண்டுபிடிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாச் சட்டியிலும் வெறும் வெந்நீர் மட்டும் இருந்தது. அரிசி போட்ட குக்கரிலும் வெந்நீர், மாவு ஊற்றிய இட்லிக் குழியிலும் வெந்நீர். நான் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் எட்டாம் நம்பர் குழந்தைவேலு அண்ணனும் அவர் மகள் ஓவியாவும் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது, பி.எஸ்.சி. கணிதம் மூன்று வருடமும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்காமலே முடித்தவள். எட்டாம் நம்பரில் இன்றைக்கு வெந்நீர் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன். அம்மா பிளாக்குக்கே சொன்னாள்.

அதற்குள் தங்கமுத்து ஐயாவும் லைனைப் பிடித்திருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஓவியா எங்கள் எல்லார் வாசலிலும் ஒரு காகிதச் சங்கிலி கட்டினாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நீளவாக்கில் மூன்றாக வெட்டி, வளையம் வளையமாய்க் கோத்து, வராந்தாக் கம்பியிலும் படிக்கட்டுக் கைப்பிடியிலும் ஏற்றி இறக்கி, ஒரு வாசலையும் விடாமல் கட்டியிருந்தாள். எங்களுக்கெல்லாம் அது பிடித்துத்தான் இருந்தது, தங்கமுத்து ஐயா மட்டும் தன் நிலைக்கு மேலே எமகண்டம் அச்சடித்த துண்டு வந்துவிட்டது என்று மனுப்போட்டு, நல்ல நேரம் உள்ள துண்டாக மாற்றி வாங்கிக்கொண்டார். இப்போது அவர் அந்தச் சங்கிலியைக் கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக, தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே போய், எட்டாம் நம்பர் வாசலில் நின்றார். அங்கேதான் அது தொடங்கியது, அங்கேயே வந்து முடிந்தது.

குழந்தைவேலு அண்ணன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். அவர் மனைவி வளர்மதி அக்கா மாசி மாதம் காய்ச்சலில் போய்விட்டார். பதினாறு நாளும் பதினோரு வீட்டிலிருந்தும் சாப்பாடு போனது, போன பாத்திரமெல்லாம் வெறுமனே திரும்பாமல் ஒரு கைப்பிடி சர்க்கரையோடு திரும்பியது, பதினேழாம் நாள் அவர் வாசலில் நின்று "போதுமுங்க, நானே ஆக்கிக்கறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதன் பிறகு ஏழு மாதமாக நாங்கள் படியில் ஓவியாவைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டோம், அவளும் "சாப்புட்டேனுங்" என்று சொன்னாள், கேட்டுவிட்டோம் என்கிற நிம்மதியில் நாங்கள் படியிறங்கிப் போனோம். அவள் என்ன சாப்பிட்டாள் என்பது இந்த நான்கு நாளில்தான் எங்கள் நாக்குக்குத் தெரிந்தது.

குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. மும்தாஜ் அக்கா மட்டும் முக்காட்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏழு மாசமாங்க்கா?" என்றார்.

சங்கிலியை அறுத்துவிடலாம் என்றார் தங்கமுத்து ஐயா. அறுக்கிறவர் பெண்ணாக இருந்தால் குழந்தைக்கு வலி குறையும் என்றும் சொன்னார். தெய்வானை அக்கா கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு படியேறினார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். ஓவியா ஸ்டூல் மேல் நின்று, கிண்ணத்திலிருந்து முந்தின நாள் சோற்றுப் பருக்கையை எடுத்து, விட்டுப்போன ஒரு வளையத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதெதுக்கு அம்மிணி இத்தன நீளத்துக்கு?"

"அழகுக்குங். அடுத்த ஞாயித்துக்கெழம பெரிம்மா பல்லடத்துலருந்து வர்றாங்க, என்னையக் கூட்டிட்டுப் போக. இங்க ஆக்கிப்போட ஆளில்ல, வீடு வீடாட்டம் இல்லைன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. டி.சி. வாங்கிருவாங்களாம். வீடு அழகா இருந்தா உட்டுட்டுப் போயிருவாங்க."

"அதுக்கு உங்க வாசல்ல கட்டுனாப் பத்தாதா? எல்லாத்து வாசல்லயும் எதுக்கு?"

"எங்க வீடு மட்டும் அழகா இருந்தா, பெரிம்மாவுக்காகப் பண்ணுனதுன்னு கண்டுபிடிச்சிருவாங்கல்ல?"

தெய்வானை அக்கா ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். "தாளெல்லாம் ஏது?" என்றார்.

"காலைல அம்மாதான் கிழிப்பாங்க. அம்மா போனதுக்கப்புறம் நான் கிழிச்சேன். தூக்கிப்போடல. இருநூத்திப் பதினாலு."

"பசை?"

"அப்பா ஆக்குன சோறுங். கடைப் பசைய விட நல்லா ஒட்டும்."

தெய்வானை அக்கா கத்திரிக்கோலை முந்தானைக்குள் இறக்கினார். "இந்த மூலைல தொங்கிட்டிருக்குது பாரு, இன்னும் ரெண்டு வளையம் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தார், பிடி வலித்தது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிகளுக்கு நடுவில் எங்கள் பிளாக் கூடியது. சங்கிலியை ஒருவரும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. விஷயம் குழந்தைவேலு அண்ணனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மனிதர் கூனிக்குறுகிப்போய்விடுவார் என்று முடிவாயிற்று. நம் கையால் சட்டியைச் சரிசெய்துவிடலாமே என்று யாரோ கேட்டதற்குத் தெய்வானை அக்கா, "அவரு கத்துக்கோணும்னா அவரு சட்டி அவரு சட்டியாவே இருக்கோணும். ஏழு நாள் இருக்குது. என்ன வருதோ தின்போம்" என்றார். அப்படித்தான் பதினோரு குடும்பங்கள், கல்யாணம் பேசி முடித்த குடும்பங்களும் சர்க்கரை நோய்க்காரர்களும் நாக்கு நீளமான மாமியார்களும் உட்பட, ஒரு பெயிண்டருக்குச் சமையல் வருகிற வரைக்கும் அவர் ஆக்குவதைச் சாப்பிடுவது என்று ஒத்துக்கொண்டன.

நேரே போய்ச் சொல்லிக்கொடுத்தால் அவர் வெட்கப்படுவார். அதனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, எட்டாம் நம்பரில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டதும், தெய்வானை அக்கா வராந்தாவின் இந்த முனையில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

"ஏ மும்தாஜு! அரிசியும் பருப்பும் வெக்கப் போறேன், தண்ணி எவ்வளவு வெக்கறது?"

இருபத்தைந்து வருடமாக அரிசியும் பருப்பும் சாதம் ஆக்குகிறவர் கேட்ட கேள்விக்கு மேல்மாடியிலிருந்து பதில் வந்தது: "ஒண்ணுக்கு மூணுக்கா! பருப்பு அரிசில கால்வாசி! சின்ன வெங்காயத்த நல்லா வதக்கிட்டு அப்புறமாத் தண்ணி ஊத்துங்க!"

"விசிலு?"

"மூணு! மூணு வந்ததும் நிறுத்திருங்க! தானா அடங்கட்டும், அவசரப்பட்டுத் திறக்காதீங்க!"

எட்டாம் நம்பரில் ஒரு விசில் வந்தது. பிளாக்கே எண்ணியது. இரண்டு. மூன்று. நான்காவது வரப்போகிற மாதிரி ஒரு சீறல் எழுந்து, சட்டென்று அடங்கியது. அன்று காலை எங்கள் குக்கரைத் திறந்தபோது சாதம் கொஞ்சம் குழைந்துதான் இருந்தது, ஆனால் அது சாதம் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்பா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குக் கத்த வராது என்பதால் நான் எழுதினேன். ஜன்னல் வழியாகக் குழந்தைவேலு அண்ணன் வேலையைப் பார்த்திருக்கிறேன்; பழைய சைக்கிளுக்குப் பெயிண்ட் கலக்கும்போது அவர் அளவே பார்க்க மாட்டார், நிறத்தைத்தான் பார்ப்பார். அதனால் அளவுக்குப் பதிலாக நிறம் எழுதினேன். வெங்காயம் நீங்கள் பஸ்ஸுக்கு அடிக்கிற இளமஞ்சளுக்கு வர வேண்டும், பிரௌன் ஆகக் கூடாது. மஞ்சள் தூள், எலுமிச்சைத் தோல் நிறம் வருகிற அளவு. ரசத்துக்குப் புளி, பால் விடாத கட்டன் டீயில் பாதி அடர்த்தி. தக்காளி தன் சிவப்பைத் தண்ணீருக்குக் கொடுத்த பிறகு மிளகு சீரகம், நுரை வெள்ளையாய் விளிம்பில் கூடும்போது இறக்கிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள், கொத்தமல்லி பச்சையாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு சமையல், ஐந்து வரிக்கு மேல் இல்லை. அதை மடித்து, துணிக் கிளிப்பால் அவர் வாசல் சங்கிலியில் மாட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். அவர் யார் எழுதியது என்று கேட்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பொரியலில் பீன்ஸ் பச்சையாகவே இருந்தது, புதன்கிழமை எலுமிச்சை சாதம் எலுமிச்சை நிறத்தில் இருந்தது, வியாழக்கிழமை தங்கமுத்து ஐயா தன் வாசலில் நின்று ஏப்பம் விட்டு, "முன்னேற்றம் தெரியுது" என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை மறுபடி உப்புமா. இந்தத் தடவை கட்டி சின்னதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஓவியாவின் பெரியம்மா சரோஜினி வந்தார். வளர்மதி அக்காவின் அதே நெற்றி, அதே நடை, ஆனால் சிரிப்பு மட்டும் இல்லை. ஓவியாவின் துணிகளுக்காக ஒரு காலிப் பையும் கொண்டுவந்திருந்தார். சங்கிலியை நிமிர்ந்து பார்த்தார். "திருவிழாக் கடையாட்டம் இருக்குது" என்றார். எட்டாம் நம்பருக்குள் போனார், காலிப் பையைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டினார், அது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

ஒரு மணிக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தார். பதினோரு வீட்டிலும் எல்லாரும் உட்கார்ந்தோம். யாரும் கதவைச் சாத்தவில்லை. அவர் தட்டில் என்ன விழுந்ததோ அதுதான் எங்கள் தட்டிலும் விழுந்தது, அவர் நாக்கு என்ன தீர்ப்புச் சொல்லப் போகிறதோ அதை எங்கள் நாக்கு ஒரு நொடி முன்னாலேயோ பின்னாலேயோ சொல்லிவிடும். அரிசியும் பருப்பும் சாதம் உதிரியாக, வெங்காயம் இளமஞ்சளாக, நெய் மணத்தோடு இருந்தது. தெய்வானை அக்கா வீட்டிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அப்பளம் பொன்னிறம். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ரசம்.

புளி சரி. மிளகு சரி. கொத்தமல்லி பச்சையாக இருந்தது. உப்பு இல்லை.

கொஞ்சம் கம்மி என்று சொல்கிற மாதிரி இல்லை, அடியோடு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய ரசக் குறிப்பில் எல்லாவற்றுக்கும் நிறம் எழுதியிருந்தேன். உப்பு கரைந்த பிறகு அதற்கு நிறம் கிடையாது; மற்றக் குறிப்புகளில் கடைசி வரியாகச் சேர்த்த அதை இதில் எழுதவேயில்லை. எழுதியபடி அப்படியே செய்கிற மனிதர் அப்படியே செய்திருந்தார். பிழை என்னுடையது.

அதற்குள் ஒரு டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மேல்மாடியில் இரண்டு, கீழே மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கை, தங்கமுத்து ஐயாவின் சட்டத்தை மறந்து, மற்றவர் போடுவார்கள் என்பதையும் மறந்து, உப்பு டப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு கரண்டி என்றால் பதினோரு கரண்டி. அந்த ரசத்தைப் பெரியம்மா வாயில் வைத்தால் அந்தப் பை ஆணியிலிருந்து இறங்கிவிடும். நான் எப்படி எழுந்தேன், எப்படி வராந்தாவுக்கு வந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"யாரும் போடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் படிக்கட்டில் இறங்கி, ஏறி, திரும்பி என்னிடமே வந்தது. "நான் மட்டும் போடறேன்! நான் மட்டும்!"

ஓடிப்போய் எங்கள் ரசச் சட்டியில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். எல்லா வீட்டிலும் மூடிகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது எங்கள் வாசலில் சரோஜினி அம்மா எச்சில் கையோடு நின்றிருந்தார்.

"இப்பக் கத்துனது யாரு?"

"நான்தானுங்க."

"என்னத்தப் போட்டே?"

"உப்புங்க."

"எதுல?"

"ரசத்துலங்க."

"எந்த ரசத்துல அம்மிணி?"

பொய் சொல்ல நேரமில்லை, வரவும் இல்லை. "உங்க ரசத்துலங்க" என்றேன்.

அவர் உள்ளே வந்து கை கழுவினார். கரண்டியால் எங்கள் ரசத்தை எடுத்து உள்ளங்கையில் விட்டுக் குடித்தார். வெளியே போய், ஆறாம் நம்பருக்குள் நுழைந்தார். தெய்வானை அக்கா கேட்காமலே கரண்டியை நீட்டினார். பிறகு மேல்மாடிக்கு ஏறினார், பிறகு கீழே இறங்கினார், ஒரு வீடு விடாமல் உள்ளங்கையை நீட்டி நீட்டி அதே ரசத்தைக் குடித்தார், அவர் பின்னாலேயே ஒன்றும் புரியாமல் குழந்தைவேலு அண்ணனும், எல்லாம் புரிந்தவள் போல ஓவியாவும் போனார்கள். கடைசியில் அவர் நடுப்படியில் உட்கார்ந்தார். பிளாக் முழுவதும் படியில் கூடியது.

"எத்தன நாளா?"

"பதினோரு நாளுங்க" என்றார் தெய்வானை அக்கா.

"அவரு ஆக்குன எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

குழந்தைவேலு அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த உப்புமாவையுமா?" என்றார்.

"ரெண்டு தடவ" என்றார் மும்தாஜ் அக்கா.

அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம், அப்புறம் தங்கமுத்து ஐயா சிரித்துவிட்டதால் எல்லாரும் சிரித்தோம், துண்டுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது, ஆனால் துண்டு நனைந்திருந்தது.

சரோஜினி அம்மா சிரிக்கவில்லை. ஓவியாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தினமும் போன்ல கேப்பேன், சாப்புட்டியான்னு. சாப்புட்டேன்னு சொல்லும். நானும் வெச்சிருவேன்" என்றார். அவள் தலையைக் கோதினார். "என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா வகை வகையா ஆக்கிப் போடுவேன். ஆனா உப்பில்லைன்னா ஓடி வர்றதுக்கு அங்க நான் ஒருத்திதான் இருக்கறேன்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தொண்டை வறண்டு போச்சு. இன்னொரு கரண்டி ஊத்து அம்மிணி. எந்த ஊட்டுதா இருந்தா என்ன" என்றார்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். காலிப் பை காலியாகவே போனது. அதற்குள் பதினோரு வீட்டிலிருந்தும் தேங்காயும் முறுக்கும் முருங்கைக்காயும் கொண்டுவந்து திணித்ததால் காலியாகப் போகவில்லை என்றும் சொல்லலாம். சங்கிலியிலிருந்து ஒரே ஒரு துண்டை ஓவியாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்தத் தேதி என்று யாரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஐப்பசி மழை வருகிறதற்கு முன்னாலேயே ஒரு மழை வந்தது. சாரல் வராந்தா முழுக்க அடித்தது. சோற்றுப் பசை ஊறி, வளையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, இருநூற்றுப் பதினான்கு நாட்களும் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தன. ஓவியா அழுவாள் என்று நினைத்தோம். அவள் குந்தி உட்கார்ந்து எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வாசலிலிருந்தும் வரிசையாகக் கிளம்பி வந்த எறும்புகள், அப்பா ஆக்கிய சோற்றை ஒவ்வொரு தேதியிலிருந்தும் கிள்ளிக் கிள்ளி எடுத்துப் போய்க்கொண்டிருந்தன. "அதுகளுக்குப் புடிச்சிருக்குது" என்று அவள் தன் அப்பாவிடம் சொன்னாள்.

புதன்கிழமை காலை அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள், மூடியைத் திறந்தபோது உள்ளே கத்தரிக்காய் இருந்தது. அம்மா கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வாய் எங்களுக்குச் சரியாக இறங்கவில்லை. இந்த ருசி பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று தெரியாமல் சாப்பிடுவது, விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுவது போல இருந்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் கதவைத் திறந்தபோது எதிரில் தெய்வானை அக்கா கிண்ணத்தோடு நின்றார், மாடிப்படியில் மும்தாஜ் அக்கா தூக்குப் போசியோடு இறங்கினார், கீழிருந்து தங்கமுத்து ஐயா மூச்சு வாங்க ஏறினார். எட்டாம் நம்பர் கதவும் திறந்தது. குழந்தைவேலு அண்ணன் பெரிய பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ரசம் இருந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரண்டி வருகிற அளவு.

"போதுமுங்க" என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. எங்கள் கிண்ணங்களை வாங்கிக்கொண்டார், எங்கள் கிண்ணங்களிலேயே ரசம் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார்.

இன்றைக்கு எங்கள் பிளாக்கில் சங்கிலி இல்லை, அவரவர் சட்டியில் அவரவர் குழம்பு. இன்று காலை படியில் இறங்கும்போது, பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஓவியா, "அக்கா, சாப்புட்டீங்களா?" என்றாள். முன்பெல்லாம் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவேன். இன்றைக்கு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, இரண்டு இட்லி, அதில் ஒன்று கொஞ்சம் கல்லாக இருந்தது, தக்காளிச் சட்னி, அதில் பூண்டு கூட, அம்மா நேற்று வைத்த குழம்பு ஒரு கரண்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். "உப்பு?" என்றாள்.

"சரியா இருந்துச்சு" என்றேன்.